எட்டு மீற்றர் மாப்பிள்ளை

நிறஞ்சலாவுக்குத் தேவைப்பட்டது ஒரு மண்டபம். நடுவில் தூண் இருக்கக் கூடாது. கதவு யன்னலை அடைத்தால் காற்று உள்ளே வரக் கூடாது. நீளம் பதினைந்து மீற்றராவது இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவள் பொறியியலாளராக வேலை செய்த ஆய்வுகூடத்தின் நீளம் ஏழு மீற்றர். அவளுடைய இயந்திரம் நீட்டும் கையின் நீளம் எட்டு.

மண்டபத்தைக் கண்டுபிடித்தவன் நிப்ராஸ். சிலாவத்துறைக்காரன், ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உதவியாளன். மன்னார்த் தீவில் சிநேகிதன் ஒருவனின் கல்யாணத்துக்குப் போனவன், தேவாலயத்துப் பங்கு மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டே கூரையை அண்ணாந்து பார்த்தான். கையைக் கழுவ முன்னமே அவளுக்கு ஃபோன் எடுத்தான்.

"மிஸ், ஒரு தூண் இல்லை. இந்த முனையில கறி கேட்டா அந்த முனையில கேக்காது. அவ்வளவு நீளம்."

பங்குச் சுவாமியார் மண்டபத்தைப் பத்து நாளைக்குத் தரச் சம்மதித்தார். ஒரேயொரு நிபந்தனை. இடையில் வரும் சனிக்கிழமை அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. வெள்ளிக்கிழமையே சாமான்களை எல்லாம் எடுத்து மேடைக்குப் பின்னால் இருக்கிற அறையில் வைத்துப் பூட்டிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். யூலை மாதம், சோளகக் காற்று தெருவெல்லாம் மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குள் யன்னல்களை அடைத்து மின்விசிறிகளையும் நிற்பாட்டியதும் உள்ளே ஓர் இலைகூட அசையாது என்பது தெரிந்தது. கால் மணித்தியாலத்தில் சட்டை முதுகோடு ஒட்டும் என்பதும் தெரிந்தது.

இயந்திரம் பார்வைக்கு ஒன்றும் பெரிதில்லை. பேக்கரியில் விற்கும் இறாத்தல் பாண் இரண்டை ஒட்டி வைத்தது மாதிரி ஒரு பெட்டி. அதற்குள் கடதாசியை விடக் கொஞ்சம் தடிப்பான காபன் நார்ப் பட்டி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. மேசன்மார் இடுப்பில் கொழுவியிருக்கும் இரும்பு அளவுநாடாவின் வேலைதான் அதற்கும். சுருட்டினால் தட்டையாகிவிடும், வெளியே வந்தால் வளைந்து விறைத்து நிற்கும். விண்வெளியில் இப்படி நாலு கைகள் நாலு மூலைக்கும் நீண்டு, நடுவில் மடித்து வைத்திருக்கும் மெல்லிய வெள்ளிப் பாயை இழுத்து விரிக்க வேண்டும். பாயில் படுகிற சூரிய ஒளியே விண்கலத்தைத் தள்ளிக்கொண்டு போகும். எரிபொருள் தேவையில்லை.

விண்வெளியில் கைக்குப் பாரம் இல்லை, மன்னாரில் இருக்கிறது. ஆகவே மண்டபத்தின் நீளத்துக்கு உயரத்தில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் சின்ன வளையங்களைக் கோத்து, ஒவ்வொரு வளையத்திலிருந்தும் மீன் பிடிக்கிற தங்கூசி நூலை இறக்கிக் கையைத் தாங்கினார்கள். கையின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதைப் பின்பக்கம் இழுக்க ஒரு சின்னப் பாரத்தைத் தொங்கவிட்டார்கள். பாய் இழுக்கும் இழுவைக்குப் பதிலாக அது.

அடுத்த கிழமை புதன் பிற்பகல் இரண்டரைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு கணினித் திரையில் வந்து அமரும். இந்தக் கையை ரொக்கட்டில் ஏற்றுவதா இல்லையா என்று சொல்லப்போகிறவர்கள் அவர்கள்தான். அதற்குள் தொடர்ந்து ஐந்து தடவை கை எட்டு மீற்றரும் நீண்டு காட்ட வேண்டும்.

முதலாவது ஓட்டத்துக்கு நிறஞ்சலா பொத்தானை அழுத்தப் போன நேரம் மண்டபக் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவுநாடா, வாயில் குண்டூசிகள். சந்தியில் தையல்கடை வைத்திருக்கும் அஞ்சலா. அந்தப் பக்கத்தில் கல்யாணச் சட்டை தைப்பதும் மண்டபம் சோடிப்பதும் அவள்தான். சனிக்கிழமைச் சோடனைக்கு அளவெடுக்க வந்திருந்தாள்.

"உது என்ன, தங்கச்சி?"

"விண்கலத்தின்ர கை, அக்கா. பாய் விரிக்கிறதுக்கு."

"பாய் எங்க?"

"பாய் இன்னும் வரேல்ல."

"கை மட்டும் முன்னால வந்திட்டுதோ. மேல போனாப் பிறகு ஆர் தள்ளுறது?"

"வெயில் தள்ளும்."

அஞ்சலா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக வெளியே ஒருமுறை பார்த்தாள்.

"இஞ்ச அடிக்கிற வெயிலுக்கு நீங்கள் சந்திரனையே தள்ளலாம்" என்றாள்.

கதவைச் சாத்திவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கை பெட்டியிலிருந்து கறுப்பாக, சத்தமில்லாமல் நீண்டது. ஒரு மீற்றர், மூன்று மீற்றர், ஐந்து மீற்றர். ஐந்தரையில் பெட்டிக்குள் ஏதோ கரகரத்தது. கை நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்தபோது, வெளியே போக வேண்டிய பட்டி உள்ளேயே விரிந்து பெட்டிச் சுவரில் முட்டி இறுகிப்போயிருந்தது.

அன்று நாலு தடவை. நாலும் ஐந்தரை. செவ்வாய்க்கிழமை ஆறு தடவை. ஆறும் ஐந்தரை.

அஞ்சலா தினமும் ஏதாவதொரு சாட்டில் வந்தாள். ஒருநாள் யன்னல் திரைச்சேலைக்கு அளவு, மறுநாள் மேடைக்கு அளவு. வந்தால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பாள். இயந்திரத்துக்குப் பெயர் வைத்ததும் அவள்தான்.

"மாப்பிள்ளை இண்டைக்கும் வாசல் படலை தாண்ட மாட்டாராமோ?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவாள். நிப்ராசும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டான். "மிஸ், மாப்பிள்ளைக்கு பற்றரி மாத்தவோ?" என்று அவன் கேட்டபோது நிறஞ்சலாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை பகல் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினைந்தாவது தடவையும் கை ஐந்தரையில் நின்றது. சாப்பாட்டுப் பார்சல் மேசையில் பிரிக்காமலே கிடந்தது. அஞ்சலா குனிந்து பெட்டியின் பக்கவாட்டுத் துவாரத்துக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தங்கச்சி, சுருள் உள்ளுக்க இளகுது. கடைசியில அதைப் பிடிக்க ஒண்டுமில்லை."

"அக்கா, இது சட்டை இல்லை" என்றாள் நிறஞ்சலா. "இதுக்கு ஒரு கணக்கு இருக்கு."

அஞ்சலா குண்டூசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு, மேடைப் பக்கம் போய் அளந்துகொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள். நிப்ராஸ் மிஸ்ஸைப் பார்க்காமல் தங்கூசி நூலைச் சிக்கெடுத்தான்.

நிறஞ்சலாவின் கணக்கு, சுருளை அமத்திப் பிடிக்கும் உருளைகளின் வில்லுகளுக்கு, அதாவது ஸ்பிரிங்குகளுக்கு, பலம் போதாது என்று சொன்னது. வியாழக்கிழமை முழுக்க மினக்கெட்டுப் பலமான வில்லுகளைப் போட்டார்கள். இப்போது கை ஐந்து மீற்றர் இருபதிலேயே நின்றது. பழைய வில்லுகளையே திரும்பப் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை பெட்டியை மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் வைத்துப் பூட்டினார்கள். சாவி மண்டபக் காவலாளி இன்னாசிமுத்துவிடம். கம்பியையும் கழற்றப் போனபோது அஞ்சலா வந்து நின்றாள்.

"கம்பியும் வளையமும் அப்பிடியே இருக்கட்டும், தங்கச்சி. சோடனை கட்ட உதவும்."

கோபம் ஆறிவிட்டது என்று நினைத்து நிறஞ்சலா சந்தோசமாகச் சம்மதித்தாள். நிப்ராஸ் ஜும்ஆத் தொழுகைக்குச் சிலாவத்துறைக்குப் போனான். அவள் அடம்பனில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போய், இரண்டு நாள் வில்லுகளையே கனவு கண்டாள்.

ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டு பேரும் மண்டபத்துக்குத் திரும்பினார்கள். பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. மூடியில் தூசிகூட இல்லை. அதுதான் நிறஞ்சலாவுக்கு முதலில் உறுத்தியது. இரண்டு நாளில் மன்னாரில் தூசி படியாத பொருள் கிடையாது.

பெட்டி தன் ஓட்டங்களைத் தானே பதிந்து வைக்கும். அதைக் கணினியில் கொழுவிப் பார்த்தாள். அவர்கள் வெள்ளிக்கிழமை பூட்டும்போது இருபத்திரண்டு ஓட்டம். இப்போது முப்பத்தொன்று.

"நிப்ராஸ், இஞ்ச வாங்கோ."

சனிக்கிழமை காலை 9.40க்கு ஐந்து மீற்றர் ஐம்பத்தொன்று. 9.52க்கு ஐந்து நாற்பத்தெட்டு. 10.20க்கு ஆறு தொண்ணூறு. 10.41க்கு ஏழு எழுபத்துமூன்று. 11.05க்கு எட்டு. 11.12க்கு எட்டு. 11.20க்கு எட்டு. பிற்பகல் 2.15க்கு எட்டு. மாலை 6.32க்கு எட்டு.

நிப்ராஸ் விரலால் எண்ணினான். "கடைசி அஞ்சும் முழுசா வந்திருக்கு, மிஸ். தொடர்ந்து அஞ்சு. அவங்கள் கேட்டதும் அஞ்சுதான்."

நிறஞ்சலா மோட்டர் எடுத்த மின்னளவைப் பார்த்தாள். அவர்கள் கட்டிய பாரத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் எதையோ அது இழுத்திருந்தது.

"நாங்கள் இல்லாட்டித்தான் இது ஒழுங்கா வேலை செய்யுது" என்றான் நிப்ராஸ்.

உடனே ஓட்டிப் பார்த்தார்கள். ஐந்தரை. கரகரப்பு. பெட்டியைப் பிரித்தார்கள். அவர்கள் போட்ட உருளைகள், அவர்கள் போட்ட வில்லுகள். புதிதாக ஒன்றுமில்லை. அடித்தட்டில் மட்டும் வாடிய ரோசா இதழ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

இன்னாசிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"சாவி என்ர இடுப்பை விட்டு அசையேல்ல, பிள்ளை."

"நீங்கள் அசைஞ்சனீங்களோ, அண்ணை?" என்று கேட்டான் நிப்ராஸ்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் அங்க இஞ்ச போனனான்தான்."

"நேற்று ஆரின்ர கல்யாணம்?"

"என்ர மருமகளின்ர" என்றவருக்கு, கோயில் மணி அடிக்க வேண்டியது திடீரென்று ஞாபகம் வந்தது. விறுவிறென்று போய்விட்டார். மூன்றரை மணிக்கு அந்தக் கோயிலில் மணி அடிப்பதில்லை.

விடை திங்கட்கிழமை காலை நிப்ராசின் ஃபோனில் வந்தது. தேத்தண்ணிக் கடையில் நின்றபடி வட்ஸ்அப்பைத் தட்டிக்கொண்டிருந்தவன், குடித்த தேத்தண்ணி புரையேற, ஃபோனை நிறஞ்சலாவிடம் நீட்டினான். அவனுடைய சிநேகிதன் சனிக்கிழமைக் கல்யாணத்தில் எடுத்துப் போட்ட வீடியோ.

மண்டபத்தின் நடுவில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் நிற்கிறார்கள். மேடையில் கடதாசிப் பூக்களால் மூடிய ஒரு குவியல். அறிவிப்பாளர் ஒலிவாங்கியில் என்னவோ சொல்ல, பூக்குவியலுக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கை புறப்படுகிறது. சனங்களின் தலைக்கு மேலால் மெதுவாக, ஆடாமல் அசையாமல் அது வருகிறது. வரும்போதே தன் பின்னால் ரோசா நிற வலைத்துணியை ஒரு பக்கமாக இழுத்து விரித்துக்கொண்டு வருகிறது. நுனியில் ஒரு சின்னக் கூடை. மணமக்களின் தலைக்கு நேரே வந்ததும் யாரோ நூலை இழுக்க, கூடை கவிழ்ந்து பூவிதழ்கள் கொட்டுகின்றன. மண்டபம் முழுக்க விசில். ஓரத்தில், கோட் போட்ட இன்னாசிமுத்து நாக்கைக் கடித்தபடி பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் நூலைப் பிடித்தபடி அஞ்சலா.

நிறஞ்சலா அதை மூன்று தரம் பார்த்தாள். முதல் தரம் பார்த்தபோது காது சூடாகியது. மூன்று வருச வேலை, கடதாசிப் பூவுக்குள். இரண்டாம் தரம் கையின் விளிம்பை மட்டும் பார்த்தாள். நடுக்கமே இல்லை. மூன்றாம் தரம் ரோசா வலையைப் பார்த்தாள்.

"நிப்ராஸ்" என்றாள். "அது பாய்."

"என்ன, மிஸ்?"

"அந்த நெற். நாங்கள் கயிறும் பாரமும் கட்டிப் பாவனை காட்டினம். அவ உண்மையிலேயே ஒரு பாயைக் கட்டி விரிச்சிருக்கிறா."

தையல்கடைக்குப் போனார்கள். அஞ்சலா மெசினில் இருந்து எழும்பவில்லை. கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள்.

"இருங்கோ, தங்கச்சி. வருவீங்கள் எண்டு தெரியும். ஞாயிற்றுக்கிழமையே வருவீங்கள் எண்டு பாத்தனான்."

"அந்தக் கை முறிஞ்சிருந்தா எங்கட மூண்டு வருச வேலை போயிருக்கும், அக்கா."

"முறியேல்லையே."

"ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தாத் தந்திருப்பீங்களோ?"

நிறஞ்சலா யோசிக்காமலே சொன்னாள். "இல்லை."

"அதுதான் கேக்கேல்ல."

நிப்ராஸ் கடையில் தொங்கிய சட்டைகளை மும்முரமாகப் பார்த்தான். நிறஞ்சலாவுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்கு மேலே ஒரு கேள்வியும் இருந்தது. அந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து அவள் விழுங்க முடியாமல் வைத்திருந்தாள்.

"என்னண்டு அக்கா எட்டு மீற்றர் வந்தது?"

"இது சட்டை இல்லையெல்லே" என்றாள் அஞ்சலா, தையலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இதுக்கு ஒரு கணக்கு இருக்கு."

மெசின் கடகடவென்று ஓடி நின்றது.

"நான் சொன்னது பிழை" என்றாள் நிறஞ்சலா. "பசியில சொன்னனான். அது சாட்டில்லை. நீங்கள் பார்த்துச் சொன்னது சரியாத்தான் இருந்திருக்கு, நான் காது குடுக்கேல்ல."

அஞ்சலா அவளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு பிளவுசையும் ஊசி நூலையும் தூக்கி அவள் மடியில் போட்டாள்.

"அதில கொக்கி அஞ்சு வைக்கோணும். பின்னேரம் எடுக்க வருவினம். நீங்கள் வையுங்கோ, நான் சொல்லுறன்."

நிறஞ்சலா கொக்கி வைத்தாள். முதலாவது கொக்கி கோணலாகப் போனது. அஞ்சலா அதைப் பிரித்துத் திரும்ப வைக்கச் சொன்னாள். அதற்குப் பிறகே மேசை லாச்சியைத் திறந்து வெள்ளை இலாஸ்டிக் சுருள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். பாவாடைக்குப் போடுவது, இரண்டு விரல் அகலம்.

"உங்கட வில்லுகள் சுருள் கொழுத்திருக்கும்வரைக்கும்தான் அமத்தும். பட்டி வெளியால போகப் போக சுருள் மெலியுது. வில்லு அவ்வளவு தூரத்துக்கு எட்டாது. அதுக்குப் பலமான வில்லுப் போட்டு என்ன பிரியோசனம்? நான் நாலு உருளையையும் சுத்தி இலாஸ்டிக்கைப் போட்டுத் தைச்சனான். ஆள் மெலிய மெலிய அதுவும் கூடவே இறுகிக்கொண்டு வரும். முதல் ரெண்டு தரமும் எப்பிடி நிக்குது எண்டு சும்மா ஓட்டிப் பாத்தம். மூண்டாந்தரம் இலாஸ்டிக் தொய்வாப் போச்சு. நாலாந்தரம் ஒரு அங்குலம் பிடிச்சுத் தைச்சன். அஞ்சாந்தரம் மாப்பிள்ளை படலை தாண்டிட்டார்."

"பொத்தான் எல்லாம் எப்பிடித் தெரியும்?" என்று கேட்டான் நிப்ராஸ்.

"ரெண்டு பொத்தான்தானே, தம்பி. என்ர மெசினில பன்னிரண்டு இருக்கு."

"பிறகு ஏன் அக்கா கழட்டினீங்கள்?" என்றாள் நிறஞ்சலா.

"உங்கட சாமானுக்குள்ள என்ர சாமான் கிடக்கலாமே? அதோட, தேடிக்கொண்டு வருவீங்களோ எண்டும் பாக்க வேணும்."

நிப்ராஸ் இலாஸ்டிக்கை இழுத்துப் பார்த்தான். "விண்வெளிக் குளிருக்கு இது காய்ஞ்சு வெடிச்சுப் போகுமே."

"இஞ்சயும் ஆறு மாசத்தில தொய்ஞ்சு போகும். அப்பதானே திரும்ப என்னட்டை வருவினம்."

அன்று பின்னேரமே அஞ்சலா மண்டபத்துக்கு வந்து இலாஸ்டிக்கைப் போட்டாள். எவ்வளவு இறுக்கம் என்று நிறஞ்சலா கேட்டதற்குப் பெருவிரலை உள்ளே விட்டுக் காட்டி, "இவ்வளவு" என்றாள். பெருவிரலை அறிக்கையில் எழுத முடியாது. நிப்ராஸ் மீன்சந்தைக்கு ஓடிப்போய்த் தூக்குத் தராசு ஒன்றை வாங்கி வந்தான். இலாஸ்டிக்கை அதில் கொழுவி இழுத்தால் ஒரு கிலோ இருநூறு காட்டியது. நிறஞ்சலா நாலு விதமாக இழுத்துப் பார்த்தாள். அஞ்சலாவின் பெருவிரல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் நின்றது. நிறஞ்சலா ஒன்று இருநூறு என்று எழுதினாள். மண்டபம் முழுக்கப் பாரை மீன் மணத்தது.

செவ்வாய்க்கிழமை முதலாவது ஓட்டம் எட்டு மீற்றர். இரண்டாவதும். மூன்றாவதின்போது நிப்ராஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதில் கண் சிவந்துபோனது. நாலாவது பாதியில் இருக்கும்போது கதவு திறந்து சுவாமியார் உள்ளே வந்தார். வெள்ளை அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இயந்திரக் கை நீண்டு முடியும்வரை பொறுமையாக நின்று பார்த்தார். மூலையில் இன்னாசிமுத்து தும்புத்தடியால் ஏற்கெனவே கூட்டிய இடத்தைக் கூட்டினார்.

"நல்லாத்தான் போகுது, பிள்ளை" என்றார் சுவாமியார். "எனக்கொரு யோசனை. திருநாளுக்கு மாதாவின்ர சுருவத்துக்கு முடி சூட்டுறது வழமையா ஏணியிலதான். இது கொண்டுபோய் வைக்குமோ?"

நிறஞ்சலா திகைத்துப்போனாள். "ஏலாது, சுவாமி. அவ்வளவு பாரம் தாங்காது. இது ஆராய்ச்சிச் சாமான்."

"ஓம், ஓம். விளங்குது." அவர் தலையை ஆட்டினார். "கலியாணத்துக்கு மட்டும்தானோ?"

சிரிக்காமலே கேட்டுவிட்டு அவர் போய்விட்டார். இன்னாசிமுத்துவின் தும்புத்தடி நின்றது. ஐந்தாவது ஓட்டத்துக்குப் பொத்தானை அழுத்த நிறஞ்சலாவுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் சிரிப்பு அடங்க வேண்டியிருந்தது. அதுவும் எட்டு மீற்றர்.

அறிக்கையை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. பெட்டியின் பதிவு முழுவதையும் குழுவுக்கு அனுப்ப வேண்டும். அதில் அந்த ஒன்பது ஓட்டங்களும் இருந்தன.

"அந்த ஒன்பதையும் அழிச்சா ஒருத்தருக்கும் தெரியாது, மிஸ்" என்றான் நிப்ராஸ்.

நிறஞ்சலாவின் விரல் அழிக்கும் விசைக்கு மேலே போய் நின்றது. ரொக்கட்டில் ஏறப்போகும் பொருளைக் கல்யாண வீட்டில் விட்டவர்கள் என்று தெரிந்தால் அந்த ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் இலாஸ்டிக் யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல வேண்டிவரும். கோணலாக வைத்த கொக்கி ஞாபகம் வந்தது. விரலை எடுத்தாள். பதிவை அப்படியே அனுப்பினாள்.

புதன்கிழமை இரண்டரைக்குத் திரையில் ஐந்து முகங்கள் வந்தன. குழுவின் தலைவி நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய ஓர் அம்மா. ஐந்து ஓட்டங்களையும் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். இலாஸ்டிக்குக்கு நிறஞ்சலா ஆங்கிலத்தில் கண்ணியமான ஒரு பெயர் வைத்திருந்தாள். பாவாடை என்ற சொல் அதில் எங்கும் இல்லை. எல்லாம் முடிகிறது என்று நினைத்த நேரம் தலைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார்.

"ஓட்டம் இருபத்துமூன்று முதல் முப்பத்தொன்று வரை உங்கள் விளக்கத்தில் இல்லை. அவற்றில் பாரமும் மிக அதிகம். அது என்ன?"

நிறஞ்சலா எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாணம், சாவி, கடதாசிப் பூ, ரோசா வலை, தையல்காரி. சொல்லி முடிக்கும்வரை யாரும் அசையவில்லை. ஓர் இளைஞன் மட்டும் தன் ஒலிவாங்கியை நிற்பாட்டினான். அவனுடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"அந்த வீடியோ இருக்கிறதா?" என்றார் தலைவி.

நிப்ராஸ் போட்டுக் காட்டினான். மன்னார் விசில் ஐரோப்பாவின் ஐந்து அறைகளிலும் ஒலித்தது. முடிந்ததும் தலைவி திரும்பப் போடச் சொன்னார். பிறகு கேட்டார்.

"அந்தத் துணியின் நிறை என்ன?"

நிறஞ்சலாவுக்குத் தெரியாது. அஞ்சலா மேடையில் சோடனைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிறஞ்சலா கூப்பிட்டுக் கேட்டாள்.

"எட்டரை யார் நீளம் நெற். அறுநூறு கிராம் வரும்" என்றாள் அஞ்சலா, துணியைக் கையில் தூக்கிப் பார்த்து. "கூடையைச் சேர்க்கேல்ல."

"இடப்பக்கம் மட்டும் கட்டினது ஏன் எண்டு கேக்கினம், அக்கா."

"வலப்பக்கம் படப்பிடிப்புக்காரன் லைற்றை நட்டு வைச்சிட்டான். எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டானாம்."

நிறஞ்சலா அதையும் மொழிபெயர்த்தாள். ஐந்து பேரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒலி வரவில்லை, வாய்கள் மட்டும் அசைந்தன. நிப்ராஸ் மேசைக்குக் கீழே விரல்களைக் கோத்து எதையோ ஓதிக்கொண்டிருந்தான்.

தலைவி திரும்பவும் ஒலிவாங்கியைத் திறந்தார். "ஒரு பக்கம் மட்டும் பாரம் இழுக்கும் சோதனையை உங்களிடம் அடுத்த வருடம் கேட்க இருந்தோம். அது ஏற்கெனவே நடந்திருக்கிறது போலத் தெரிகிறது. ஆனால் அதை நாங்கள் கணக்கில் எடுக்க முடியாது. பூக்கூடை எங்கள் விதிகளில் இல்லை." கண்ணாடியைக் கழற்றினார். "கை ஏறலாம். இலாஸ்டிக்குக்குப் பதிலாக உலோகப் பட்டி போட வேண்டும். ஒரு பக்கப் பாரத்தோடு இருபது ஓட்டம் செய்து காட்ட வேண்டும். சாவியை யார் வைத்திருப்பது என்று எழுத்தில் ஓர் ஒழுங்கும் வேண்டும்."

திரை அணைந்தது. நிப்ராஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக் கதிரையில் சாய்ந்தான். நிறஞ்சலா எழும்பி யன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சோளகம் உள்ளே பாய்ந்து மேசையில் இருந்த தாள்களைக் கலைத்தது. அவள் பொறுக்கப் போகவில்லை.

"என்ன சொல்லினம்?" என்று மேடையிலிருந்து அஞ்சலா கேட்டாள்.

"ஓம் எண்டினம், அக்கா. இலாஸ்டிக்குக்குப் பதிலா உலோகப் பட்டி போடட்டாம். அது எவ்வளவு இறுக்கம் எண்டு பாக்க நீங்கள் யாழ்ப்பாணம் வரோணும். ரெண்டு நாள் போதும். உங்கட பேரையும் அறிக்கையில போடுறன்."

"எப்ப?"

"வாற திங்கள்."

அஞ்சலா தன் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்தாள்.

"ஏலாது, தங்கச்சி. கோயிலில முதல்நன்மை எடுக்கிற பிள்ளையளின்ர சட்டை பதினெட்டு இருக்கு. பிள்ளையள் காத்துக்கொண்டிருக்கினம். அடுத்த மாதம் இருபதுக்குப் பிறகெண்டா வாறன். பஸ்ஸில யன்னல் பக்கம் இடம் பிடிச்சு வையுங்கோ, எனக்குத் தலை சுத்தும்."

நிறஞ்சலா அன்றைக்கே ஐரோப்பாவுக்கு மின்னஞ்சல் எழுதினாள். அடுத்த கட்டச் சோதனையை ஐந்து கிழமை தள்ளிப்போட வேண்டியிருக்கிறது, நிபுணருக்கு அதற்கு முன் நேரமில்லை என்று.

அரை மணித்தியாலத்தில் தலைவியிடமிருந்து பதில் வந்தது. காத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.